கெட்டிக்காரி என்று சொன்னால் வேலைக்கு ஆகாது

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் நிற்கும்போது அடிக்கடி வரும் கேள்வி இது: "அக்கா, உங்க பொண்ணுக்கு மேல் கிளாஸ் கணக்கு எப்படிக் கொடுத்தாங்க? எங்க ஸ்கூல்ல கேட்டா அப்படியொரு வழக்கமே இல்லேங்கறாங்க." கார் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது, பாதிப் பேச்சில் பிள்ளைகள் வந்து கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் மொத்தத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நாங்கள் இருப்பது டெக்ஸாஸ், டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகர். கீழே வரும் சட்டமெல்லாம் டெக்ஸாஸுக்கு மட்டும்தான். கலிபோர்னியாவிலோ நியூஜெர்சியிலோ இருப்பவர்கள் அங்கே என்ன விதி என்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பள்ளிக்காரர்கள் சொல்லும் காரணங்கள் இருக்கிறதே, அவை எந்த மாநிலத்துக்குப் போனாலும் மாறுவதில்லை என்றுதான் மற்ற ஊர் நண்பர்களிடம் பேசியதில் தெரிகிறது.

மகளுக்கு மூன்றாம் வகுப்பில்தான் இது ஆரம்பித்தது. கணக்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவள் சாதாரணக் குழந்தை. எழுத்துப்பிழை ஏகத்துக்கு வரும், கட்டுரை எழுதச் சொன்னால் மூன்று வரியில் கதையை முடித்துவிடுவாள், தண்ணீர் பாட்டிலை வாரத்துக்கு ஒருமுறை தொலைப்பாள். கணக்கு மட்டும் வேறு. பின்னங்களை யாரும் சொல்லித்தராமல் பீட்சா பெட்டியை வைத்துத் தானே கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள், பகா எண்கள் எங்கே போய் முடியும் என்று ராத்திரி படுக்கையில் கேட்பாள். வகுப்பில் கொடுக்கிற தாளைச் சீக்கிரம் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். அப்போது டீச்சர் சொல்வது இரண்டில் ஒன்று: புத்தகம் எடுத்துப் படி, இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடு. இந்த இரண்டாவது விஷயம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எப்போதாவது ஒரு நாள் என்றால் நல்ல பழக்கம்தான், ஆனால் தினமும் என்றால் அந்தக் குழந்தை சம்பளம் வாங்காத உதவி ஆசிரியை. அவள் எப்போது புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது? கொஞ்ச நாளில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வேண்டுமென்றே மெதுவாகப் போட ஆரம்பித்தாள், கடைசியாக முடிக்கிறவர்களோடு சேர்ந்து முடித்தால் கூடுதலாக எந்த வேலையும் வராதாம். அதைக் கேட்ட பிறகுதான் பள்ளிக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன்.

ஊரில் இருக்கும் அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு இது புரியவே இல்லை. "உங்க தாத்தாவுக்கு அந்தக் காலத்துல டபுள் ப்ரமோஷன் கொடுத்தாங்க, ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போனாராம். நீ எதுக்குடி மனு போட்டுக்கிட்டு இருக்கே?" என்றார். இங்கே எந்த ஹெட்மாஸ்டரும் வீடு தேடி வரமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும் என்று சொன்னேன். சரி, சண்டை மட்டும் போடாதே என்றார்.

முதலில் 'ஜிடி', அதாவது 'கிஃப்டட் அண்ட் டேலன்டட்' பற்றி. டெக்ஸாஸில் சிறப்புத் திறமை உள்ள பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களுக்கென்று ஏதாவது செய்வது, உள்ளூர்ப் பள்ளிகளை நடத்துகிற டிஸ்ட்ரிக்ட்களின் சட்டப்படியான கடமை. அதற்காகக் 'கோகேட்' மாதிரி ஒரு தேர்வு வைப்பார்கள். நம் ஆட்களில் பலர் இந்த முத்திரை கிடைத்துவிட்டால் கணக்குப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். தீராது. எங்கள் பள்ளியில் ஜிடி என்றால் வாரத்தில் கொஞ்ச நேரம் வகுப்பிலிருந்து தனியே கூப்பிட்டுப் போய்ப் பாலம் கட்டுவது, முட்டை உடையாமல் கீழே போடுவது, புராஜெக்ட் செய்வது. எல்லாம் ஜாலிதான், அவளும் ஆசையாகப் போனாள். மீதி நேரமெல்லாம் அதே மூன்றாம் வகுப்புக் கணக்கு. தவிர, கோகேட் குழந்தை எப்படி யோசிக்கிறது என்பதை அளக்கிற தேர்வு, எவ்வளவு கணக்குத் தெரியும் என்பதை அளப்பதில்லை. வகுப்பை மாற்றக் கேட்கும்போது அந்த மதிப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவதில் பெரிய பயன் கிடையாது.

அடுத்து எல்லோரும் சொல்வது 'சிபிஇ', அதாவது தேர்வு எழுதி ஒரு வகுப்பைத் தாண்டுவது. இது சட்டத்தில் இருக்கிறது, டிஸ்ட்ரிக்ட் முடியாது என்று சொல்ல முடியாது, கட்டணமும் வாங்கக் கூடாது. டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகமோ ஆஸ்டினில் உள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகமோ தயாரித்த தேர்வுகளைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் விவரத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1 முதல் 5 வரையான வகுப்புகளில் இந்தச் சட்டம் பேசுவது முழு வகுப்பைத் தாண்டுவதைப் பற்றி. மொழி, கணக்கு, அறிவியல், சமூகவியல் நாலிலும் 80 சதவீதம் எடுக்க வேண்டும், பள்ளித் தரப்பில் ஒருவர் பரிந்துரைக்க வேண்டும், பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்துதான் தனித்தனிப் பாடமாகத் தாண்ட வழி இருக்கிறது. ஆக, கணக்கில் மட்டும் முன்னால் இருக்கும் எட்டு வயதுக் குழந்தைக்கு மாநிலச் சட்டத்தில் நேரான கதவு இல்லை. மூன்று வரிக் கட்டுரை எழுதுகிற என் மகளை முழுசாக நாலாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பதில் எனக்கோ கணவருக்கோ துளியும் விருப்பமில்லை. கணக்குக்கு மட்டும் மாற்றுவது டிஸ்ட்ரிக்டின் விருப்பத்தைப் பொறுத்தது. அங்கேதான் பேச்சுவார்த்தை தேவைப்படுகிறது.

இந்தப் பேச்சுவார்த்தையில் நான் கண்ட முக்கியமான விஷயம், "என் குழந்தை ரொம்பக் கெட்டிக்காரி" என்று ஆரம்பித்தால் அன்றைக்கே முடிந்தது கதை. பிரின்சிபல் தினமும் நாலு பேரிடம் அதைக் கேட்கிறார். சிரித்துக்கொண்டே ஆமாம், எவ்வளவு அழகான குழந்தை என்பார், நாமும் சந்தோஷமாக வெளியே வந்துவிடுவோம். குழந்தை எப்பேர்ப்பட்டது என்பதை விட்டுவிட்டு, இந்தக் குழந்தைக்கு இந்த வருடப் பாடத்தில் எவ்வளவு ஏற்கெனவே தெரியும், எந்த அறையில் எத்தனை மணிக்கு உட்கார்ந்தால் தெரியாததைக் கற்றுக்கொள்ளும் என்று பேச்சைக் கொண்டுபோனால் அவர்களால் சிரித்து அனுப்ப முடியாது. எங்களிடம் இருந்தது 'மேப்' தேர்வு மதிப்பெண், பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதை எல்லா வகுப்புக்கும் ஒரே அளவுகோலில் காட்டுகிற தேர்வு அது. மூன்றாம் வகுப்பு ஆரம்பத்தில் நாட்டுச் சராசரி 188 சுமார், ஆறாம் வகுப்பு ஆரம்பத்தில் 215 சுமார். 2020-ல் மேப் தேர்வைத் தயாரிக்கும் நிறுவனம் வெளியிட்ட அட்டவணையில் இருக்கிறது. அவள் எடுத்தது 216. அதைக் காட்டினேன்.

பிரின்சிபல் அதற்கு ஒரு பதில் சொன்னார், அது நியாயமான பதில். இரண்டு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எழுதும் மேப் தேர்வில் ஐந்தாம் வகுப்புப் பாடம் வரைதான் கேள்வி வரும், அதில் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் எண் வந்தது என்பதால் ஆறாம் வகுப்புக் கணக்குத் தெரியும் என்று ஆகிவிடாது. உண்மைதான். நான் ஆறாம் வகுப்பைக் கேட்கவே இல்லை, நாலாம் வகுப்பைத்தான் கேட்கிறேன் என்றேன். அந்த இடத்தில் பேச்சு கொஞ்சம் இறங்கி வந்தது. பெற்றோர் எடுத்த எடுப்பில் மூன்று நாலு வகுப்பு தாண்டக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்து வந்திருந்தார் போல.

அப்புறம் வழக்கமான காரணங்கள். பெரிய பிள்ளைகளோடு உட்கார்ந்தால் மனதளவில் பாதிக்கப்படுவாள், நண்பர்கள் இருக்க மாட்டார்கள். இதைப் பற்றி அரை நூற்றாண்டாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்பது பல ஆசிரியர்களுக்கே தெரியவில்லை. 1971-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி கணக்கில் முன்னால் நிற்கும் பிள்ளைகளைத் தேடி ஒரு நீண்டகால ஆய்வை ஆரம்பித்தார். பிறகு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கமிலா பென்போவும் டேவிட் லுபின்ஸ்கியும் அதே ஆட்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சின்ன வயதில் வேகமாக நகர்த்தப்பட்டவர்கள் ஐம்பது வயதில் மனநலத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று அவர்கள் 2021-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாதிப்பு எதுவும் தெரியவில்லை என்பதுதான் முடிவு. 2004-லும் 2015-லும் அயோவா பல்கலைக்கழகம் வெளியிட்ட அறிக்கைகளும் இதையே சொல்கின்றன. ஒரு வகுப்பைத் தாண்டுவது மட்டுமில்லாமல் ஒரே பாடத்தில் முன்னால் போவது, முன்கூட்டியே பள்ளியில் சேர்வது என்று பல வகைகளை அந்த அறிக்கைகளில் பிரித்துப் பேசியிருக்கிறார்கள். நான் அறிக்கையை அச்செடுத்து மேசையில் வைக்கவில்லை, அப்படிச் செய்தால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். மெயிலின் கடைசியில் ஒரு வரியில் குறிப்பிட்டேன், அவ்வளவுதான். கணக்கு நேரத்தில் மட்டும் பக்கத்து அறைக்குப் போகப்போகிறாள், சாப்பாடும் விளையாட்டும் பழைய கூட்டாளிகளோடுதான் என்று நேரில் சொன்னதுதான் அதிகம் வேலை செய்தது.

'இடைவெளி' என்று ஒரு வார்த்தை அடிக்கடி வரும். நடுவில் ஏதாவது பாடம் விட்டுப்போகும், பின்னால் கஷ்டப்படுவாள் என்பார்கள். இதை நம் ஆட்கள் சாக்குப்போக்கு என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. டெக்ஸாஸ் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு வகுப்புக் கணக்கிலும் பணம் பற்றிய பகுதி ஒன்று உண்டு. நாலாம் வகுப்பில் நிலையான செலவு, மாறும் செலவு, லாபம். ஐந்தாம் வகுப்பில் வருமான வரி, சொத்து வரி, மொத்தச் சம்பளம், கைக்கு வரும் சம்பளம். வீட்டில் பின்னமும் பகா எண்ணும் பார்த்துக்கொண்டிருக்கிற குழந்தைக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அளவைகள் இன்னொரு தொல்லை. பைன்ட், குவார்ட், கேலன், அவுன்ஸ், யார்டு. லிட்டரிலும் கிலோவிலும் வளர்ந்த எனக்கே ஒரு கேலனுக்கு எத்தனை குவார்ட் என்று யோசித்துத்தான் சொல்ல வரும், வீட்டில் யாரும் பேசாத அளவையை அவள் எப்படித் தெரிந்துவைத்திருப்பாள். சிபிஇ எழுதிக் கோட்டைவிட்ட பிள்ளைகளில் சிலரைக் கேட்டுப் பார்த்தேன், கடினமான கணக்கில் யாரும் விழவில்லை, இந்த மாதிரி இடத்தில்தான் விழுந்திருக்கிறார்கள்.

அதனால் இடைவெளி இருக்காது என்று வாதாடாமல், எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள், நான் வீட்டில் நிரப்புகிறேன் என்று கேட்டேன். டிஸ்ட்ரிக்டிலேயே ஒவ்வொரு வகுப்புக்கும் வருடக் கடைசித் தேர்வு ஒன்று தயாராக இருக்கும். மூன்றாம் வகுப்புத் தேர்வை அவளுக்கு இப்போதே கொடுங்கள், அதில் நன்றாகச் செய்தால் நாலாம் வகுப்புத் தேர்வையும் கொடுத்துப் பாருங்கள், எந்தக் கேள்வி தப்பு என்று மட்டும் சொல்லுங்கள். இதில் பள்ளிக்குப் பணச் செலவு கிடையாது, ஒரு காலை நேரம் போதும். வெளியே தனியார் உளவியலாளரிடம் காசு கட்டித் தேர்வு எழுதவைத்து அந்த ரிப்போர்ட்டை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைவிட இது எவ்வளவோ மேல். பள்ளி தன் சொந்தத் தேர்வைச் சந்தேகப்பட முடியாது. மூன்றாம் வகுப்புத் தேர்வில் ஏறக்குறைய எல்லாம் சரி, நாலாம் வகுப்பில் பாதிக்கு மேல் சரி. தப்பானவை பெரும்பாலும் கேலனும் கோணமானியும் நீள வகுத்தலை எழுதும் முறையும்.

'ஸ்டார்' என்கிற மாநிலத் தேர்வு பற்றியும் ஒரு பேச்சு வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை நாலாம் வகுப்புக் கணக்குப் படித்தால் மாநிலத் தேர்வில் எதை எழுதுவாள், இரண்டையுமா என்று அசிஸ்டென்ட் பிரின்சிபல் கேட்டார். டெக்ஸாஸ் கல்விச் சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது: ஒரு பாடத்தில் மேல் வகுப்பில் படித்து அந்த மேல் வகுப்புத் தேர்வை எழுதப்போகிற மாணவர், தன் வகுப்புத் தேர்வை அந்தப் பாடத்தில் எழுதத் தேவையில்லை. நான் பிரிவு எண்ணோடு அனுப்பிவைத்தேன், அவர் டிஸ்ட்ரிக்டில் கேட்டுவிட்டுச் சரிதான் என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பள்ளியில் அதுவரை யாரும் கேட்டதில்லை. மறுப்பு என்று நாம் நினைப்பதில் பாதி இப்படித்தான், இதுவரை செய்ததில்லை என்பதால் வருகிற தயக்கம்.

மீதிப் பாதி டைம்டேபிள். இதை யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை, எனக்குப் புரியவே பல நாள் பிடித்தது. குழந்தையின் மனநிலை, ஆழமான புரிதல், எல்லோருக்கும் சமநீதி, மூன்றாம் வகுப்போடு எல்லாப் பிள்ளைகளும் சமமாகிவிடுவார்கள் என்று தத்துவமாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாள் வகுப்பு டீச்சர் போகிற போக்கில் சொன்னார், நாலாம் வகுப்புக் கணக்கு நடக்கிற நேரத்தில் இவளுக்கு மியூசிக், அதை விட்டால் வாசிப்பு நேரத்தில் கைவைக்க வேண்டும், வாசிப்பு நேரத்தைத் தொட முடியாது என்று. அட, இதுதானா! உடனே அதை மட்டும் பிடித்துக்கொண்டேன். நாலாம் வகுப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவுகள் இருக்கின்றன, அவற்றில் எதிலாவது கணக்கு நேரம் மூன்றாம் வகுப்புக் கணக்கு நேரத்தோடு ஒத்துவருகிறதா என்று கேட்டதில் ஒன்று பத்து நிமிட வித்தியாசத்தில் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தை இரண்டு டீச்சர்களும் பேசிச் சரிசெய்துகொண்டார்கள். தத்துவமெல்லாம் அதோடு நின்றுபோனது. குளிர்கால விடுமுறை முடிந்து திரும்பியபோது மகள் கணக்குக்கு மட்டும் நாலாம் வகுப்பு அறையில்.

அந்த இரண்டு டீச்சர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். பிரின்சிபலை எதிரி மாதிரி நினைத்துக்கொண்டு டீச்சரைத் தாண்டி மேலே எழுதுகிற பெற்றோர் உண்டு. தேவைப்பட்டால் எழுதத்தான் வேண்டும், நானும் டிஸ்ட்ரிக்ட் கணக்கு ஒருங்கிணைப்பாளருக்கு எழுதினேன், ஆனால் பிரின்சிபலிடம் சொல்லிவிட்டு, அவருக்கும் காப்பி போட்டு. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் அன்றைக்கே ஒரு சின்ன மெயில்: இன்றைக்கு இன்னது பேசினோம், நீங்கள் இதைச் செய்வதாகச் சொன்னீர்கள், நான் இதைச் செய்வதாகச் சொன்னேன், இந்தத் தேதிக்குள் மறுபடி பேசலாம். இது நட்பாகவும் இருக்கும், ஆவணமாகவும் இருக்கும். அடுத்த வருடம் பிரின்சிபல் மாறினார், அந்த மெயில்கள் இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.

நாலாம் வகுப்பில் ஐந்தாம் வகுப்புக் கணக்கு, அது தானாகவே நடந்தது. ஐந்தாம் வகுப்பில்தான் தலைவலி. ஏனென்றால் ஆறாம் வகுப்புக் கணக்கு எலிமெண்டரி பள்ளியில் கிடையாது, மிடில் ஸ்கூலில்தான். பள்ளி சொன்ன வழி, நூலகத்தில் ஒரு கம்ப்யூட்டர், ஹெட்போன், ஏதோ ஒரு ஆன்லைன் பாடம். பத்து வயதுக் குழந்தை தினமும் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பதற்குப் பெயர் வகுப்பா? நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மிடில் ஸ்கூலில் முதல் பீரியடில் கணக்கு இருக்கிற பிரிவில் சேர்த்து, காலையில் நாங்களே கொண்டுபோய் விட்டு, முடிந்ததும் நாங்களே கூட்டிக்கொண்டுபோய் எலிமெண்டரியில் விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். பஸ் கேட்கவில்லை என்றதும் பாதி எதிர்ப்புப் போய்விட்டது. கணவருக்கு வீட்டிலிருந்து வேலை என்பதால் இது முடிந்தது. இரண்டு பேரும் ஆபீஸ் போகிற வீட்டில், ஒற்றைப் பெற்றோர் வீட்டில், கார் ஒன்றே இருக்கிற வீட்டில் இது நடக்கவே நடக்காது. இந்தச் சலுகைகள் கேட்கத் தெரிந்தவர்களுக்கும் நேரம் இருப்பவர்களுக்கும் மட்டும் போய்ச் சேர்கிறது என்கிற குற்றச்சாட்டு முழுக்க உண்மை, எங்கள் வீடே அதற்குச் சாட்சி.

அந்த விதத்தில் 2023-ல் டெக்ஸாஸ் கொண்டுவந்த சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. செனட் மசோதா 2124. ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஸ்டாரில் மதிப்பெண் வரிசைப்படி முதல் 40 சதவீதத்துக்குள் வருகிற பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் தானாகவே மேம்பட்ட கணக்கு வகுப்பில் போட்டுவிட வேண்டும், வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். ஹைஸ்கூல் கணக்கின் முதல் பாடமான அல்ஜீப்ரா 1-ஐ எட்டாம் வகுப்பிலேயே படிக்க வைப்பதுதான் நோக்கம். யாரும் மனு போட வேண்டியதில்லை, டீச்சருக்கு யாரைப் பிடிக்கும் என்பதற்கும் இடமில்லை. சான் பிரான்சிஸ்கோவில் இதற்கு நேர்மாறாக 2014-ல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை எல்லோருக்கும் எடுத்துவிட்டார்கள், சமத்துவத்துக்காக. பத்து வருடம் கழித்து 2024 மார்ச்சில் ஊர் மக்கள் ஓட்டுப்போட்டு அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். இடைப்பட்ட வருடங்களில் காசு இருக்கிற பெற்றோர் வெளியே பணம் கட்டிப் படிக்க வைத்தார்கள், இல்லாதவர்கள் பிள்ளை காத்திருந்தது. கதவை எல்லோருக்கும் மூடினால் சமத்துவம் வந்துவிடும் என்று நம்புகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

இப்போது நம் ஆட்களைப் பற்றி, கோபித்துக்கொள்ளாதீர்கள். தமிழ்ப் பள்ளி வாசலில் என்னிடம் கேட்கிற பத்துப் பேரில் பாதிப் பேருக்கு இது தேவையில்லை என்று நினைக்கிறேன். கோடை விடுமுறை முழுக்க ஒர்க்‌ஷீட் சென்டரில் உட்காரவைத்து, அடுத்த வருடப் பாடத்தை மனப்பாடம் ஆக்கி, ஆகஸ்டுக்குள் சிபிஇ எழுதவைத்து ஒரு வருடத்தைத் தாண்டுவது ஊருக்கு ஊர் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. எதற்கு என்று கேட்டால் "எல்லாரும் பண்றாங்க அக்கா." ஜியாமெட்ரியைக் கோடையில் இப்படித் தாண்டுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது, ஒரு விஷயம் ஏன் உண்மை என்று வரிவரியாக நிரூபிக்க ஒரு பிள்ளை முதல்முதலாகக் கற்றுக்கொள்கிற பாடம் அது. வேகமாகப் பெருக்கத் தெரிவதும் கணக்கில் முன்னால் இருப்பதும் ஒன்றல்ல. உங்கள் பிள்ளை விடை வந்ததும் தாளை மூடிவைக்கிறதா, இல்லை எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்று தானே கேட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் வகைக்கு அதே வகுப்பில் இன்னும் கடினமான கணக்குகள் போதும். பீஸ்ட் அகாடமி மாதிரிப் படக்கதைப் புத்தகங்கள் இருக்கின்றன, ஏஎம்சி 8 என்கிற கணிதப் போட்டியின் பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன, கான் அகாடமி காசில்லாமல் கிடைக்கிறது. பாடத்தைத் தாண்டாமலே ஒரு பிள்ளையைத் திணறவைக்க எவ்வளவோ உண்டு.

ஆஸ்திரேலியாவில் பிறந்த கணித மேதை டெரன்ஸ் டாவோவை இழுக்காத பெற்றோர் கிடையாது. எட்டு வயதில் எஸ்ஏடி கணிதத்தில் 760 எடுத்தவர் என்பதை மட்டும் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. மூன்றரை வயதில் பள்ளியில் சேர்த்து, சரிப்படவில்லை என்றதும் பெற்றோர் திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள். பிறகு அடிலெய்டில் கணக்குக்கு உயர்நிலைப் பள்ளி, மற்றப் பாடங்களுக்கு அதைவிடக் கீழ் வகுப்பு என்று பள்ளிகளோடு பேசிப் பேசி ஏற்பாடு செய்தார்கள். நம் பிள்ளைகள் டாவோ இல்லை, என் மகள் பக்கத்தில்கூட வரமாட்டாள், ஆனால் பாடத்துக்குப் பாடம் வேகம் வேறாக இருக்கலாம் என்கிற யோசனை யாருக்கும் பொருந்தும்.

மகள் இப்போது ஏழாம் வகுப்பு, அல்ஜீப்ரா 1 படிக்கிறாள். மேம்பட்ட வகுப்புப் பிள்ளைகளைவிட ஒரே ஒரு வருடம் முன்னால், அவ்வளவுதான், இவ்வளவு பேசியதற்கு. முதல்முறையாக ஒரு தேர்வில் 78 வாங்கி வந்தாள், முகம் சுருங்கியிருந்தது, எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. வீட்டுப்பாடத்தை அழித்து அழித்து எழுதுகிறாள். இந்த வகுப்பு ஹைஸ்கூல் கிரெடிட், மதிப்பெண் ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டில் ஏறும். அது ஜிபிஏ எனும் மொத்த மதிப்பெண் சராசரியில் சேருமா என்பது டிஸ்ட்ரிக்டுக்கு டிஸ்ட்ரிக்ட் மாறும், பன்னிரண்டு வயதுக் குழந்தை வாங்கும் ஒரு மதிப்பெண் காலேஜ் விண்ணப்பம் வரை கூடவே வரலாம் என்பதால் அல்ஜீப்ராவுக்கு அவசரப்படுகிறவர்கள் இதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்பில் ஜியாமெட்ரி படிக்க வேண்டும். எங்கள் மிடில் ஸ்கூலில் போதுமான பிள்ளைகள் சேர்ந்தால்தான் அந்த வகுப்பு நடக்கும், இல்லாவிட்டால் காலையில் ஹைஸ்கூலுக்குப் போய்வர வேண்டும். ஜனவரியில் பாடத் தேர்வுப் படிவம் வரும், அதற்குள் எத்தனை பேர் சேர்கிறார்கள் என்று கவுன்சிலரிடம் கேட்டிருக்கிறேன். இந்த முறை பஸ்ஸும் கேட்டிருக்கிறேன், அல்ஜீப்ரா வகுப்பில் அப்பா அம்மா கொண்டுவிட முடியாத பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். எங்கள் டிஸ்ட்ரிக்டில் யாருக்காவது இதே நிலைமை என்றால் நீங்களும் ஒரு மெயில் போடுங்கள், தனித்தனியாகக் கேட்பதைவிட எண்ணிக்கை தெரிந்தால் அவர்கள் வகுப்பே திறந்துவிடுவார்கள்.